தண்ணீர்ப் பந்தலுக்குப் போன படுதா

புகழ்வேந்தன் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றைச் சொல் என்று கேட்டால், அவன் அக்கா அமுதம் கொஞ்ச நேரம் யோசிப்பாள். பிறகு, "நேரத்துக்குச் சாப்புடுவான்" என்பாள்.

செல்போன் கடை வைத்தான், பூட்டினான். டெம்போ வாங்கினான், விற்றான். மனைப்பிரிவுத் தரகு பார்க்கிறேன் என்று ஒரு வருடம் கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு கரம்பு நிலங்களில் நின்றான். கடைசியில் கட்சிக்குப் போனான். அங்கே மட்டும் அவனை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. கொம்யூன், அதாவது ஒன்றிய, இளைஞரணித் துணை அமைப்பாளர் என்று ஒரு பட்டம் கொடுத்தார்கள். நாற்பத்தைந்து வயதில் இளைஞரணி. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிப்டு பார்த்து வீட்டுக்கு அரிசி வாங்குகிறவள் அவன் பெண்டாட்டி விஜயராணி. அவன் வாங்குவது பேனர். தலைவர் பிறந்த நாளுக்கு, தலைவர் பேரனின் காதணி விழாவுக்கு, யாராவது செத்தால் கண்ணீர் அஞ்சலிக்கு என்று எதற்கும் ஒரு பேனர். அதில் தலைவர் பெரிதாக இருப்பார். கீழே மூலையில் கைகூப்பிக்கொண்டு புகழ்வேந்தன் இருப்பான். அஞ்சலி பேனரிலும் அவன் சிரித்துக்கொண்டுதான் இருப்பான், அவனிடம் இருந்தது அந்த ஒரு போட்டோதான் என்பதால்.

அமுதம் எட்டாவதோடு படிப்பை விட்டவள். பாவம் படிக்க வைக்கவில்லை என்று யாராவது பரிதாபப்பட்டால் அவளுக்கு ஆகாது. "போதும்னு நானே நிறுத்தினேன்" என்பாள். கல்யாணமும் அப்படித்தான். பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவனுக்கும் வரப்பு நேராகப் போடத் தெரியவில்லை என்று அவளே தட்டிக் கழித்தாள். அப்பா தங்கவேல் விட்டுப்போன நிலத்தை அவள்தான் இத்தனை வருடமாகப் பார்க்கிறாள். பத்துக்கண்ணு கூட்ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, செம்மண் பூமி. நிலத்தின் மேற்கு ஓரத்தில் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தாண்டை பாண்டிச்சேரி, அந்தாண்டை விழுப்புரம் மாவட்டம். மாடு இரண்டு மாநிலத்திலும் மேய்ந்துவிட்டு வரும்.

அவளுடைய பெருமை எல்லாம் விதை மல்லாட்டையில் இருந்தது. அப்பா காலத்திலிருந்து வருகிற வேர்க்கடலை விதை. வெளியில் வாங்கிக் கலந்ததே இல்லை. சித்திரையில் செடியைப் பிடுங்கி ஆய்ந்ததும், இரண்டு பருப்பு நிறைந்த திரட்சியான காய்களை மட்டும் அவளே தனியாகப் பொறுக்குவாள். ஒற்றைப் பருப்புக்கும் சொத்தைக்கும் அங்கே இடமில்லை. அமுதத்தின் விதை போட்டால் சந்து விழாமல் முளைக்கும் என்று திருக்கனூர் பக்கத்திலிருந்தெல்லாம் சொல்லி வைத்து வாங்கிப் போவார்கள். கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் எப்படி விதைப்பது என்று பாடம் நடத்துவாள். போன வருடம் ஆழமாகப் போட்டுக் கெடுத்தவனுக்கு இந்த வருடம் கொடுக்க மாட்டாள்.

அந்த விதைக்கு மழையும் ஆகாது, உச்சி வெயிலும் ஆகாது. நனைந்தால் கறுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். நடுப்பகல் வெயிலில் வெந்தால் முளைப்பு போய்விடும். ஆகவே காலை வெயிலில் களத்தில் பரப்புவாள். வெயில் ஏறியதும் கழி நட்டு மேலே படுதாவைக் கட்டி நிழலாக்குவாள். சாயங்காலம் குவித்து அதே படுதாவால் மூடுவாள். நல்ல கெட்டிப் படுதா. ஒரு மூலையில் எலி கடித்த இடத்தில் நைலான் நூலால் நெருக்கித் தைத்த தையல் இருக்கும். மடித்து வைத்தால் நான்கு ஓரமும் ஒன்றாக நிற்கும். அதை எடுத்துப் பயன்படுத்துகிற உரிமை ஊரில் யாருக்கும் கிடையாது.

அந்த வருடம் சித்திரை பிறந்ததிலிருந்தே வெயில் மண்டையைப் பிளந்தது. டி.வி.யைப் போட்டால் இந்தியப் படம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. ராஜஸ்தானில் ஒருவன் மணலில் அப்பளம் சுட்டுக் காட்டினான். மறுநாள் டெல்லியில் புழுதிப் புயல் அடித்து மரம் சாய்ந்தது. பீகாரில் வயலில் நின்றவர்கள் மேல் இடி விழுந்தது. கேரளாவில் வெள்ளம். ஒரு பக்கம் வேகிறது, ஒரு பக்கம் முழுகுகிறது. கொளுத்தும் வெயிலில் நடுரோட்டில் நின்றுகொண்டு வெயில் கொளுத்துகிறது என்று சொல்வதற்கு ஒரு பையனைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள். அமுதம் அவனைப் பார்த்து, "நெழல்ல போயி சொல்லேன்டா, யாரு வேணான்னது" என்பாள். படத்தில் பாண்டிச்சேரி ஒரு புள்ளி. அதிலும் நம் பக்கம் எது என்று யாருக்கும் தெரியாது.

இந்த வெயிலைப் பார்த்துவிட்டுக் கட்சித் தலைமை உத்தரவு போட்டது. தொண்டர்கள் ஊர்தோறும் தண்ணீர்ப் பந்தல் திறந்து மக்கள் தாகம் தீர்க்க வேண்டும்.

தண்ணீர்ப் பந்தல் என்றால் என்னவென்று அமுதத்துக்குத் தெரியும். முதல் நாள் தலைவர் வருவார். தர்பூசணி வெட்டுவார்கள். நீர்மோர், ரோஸ்மில்க், வெள்ளரிப் பிஞ்சு எல்லாம் இருக்கும். தலைவர் ஒரு கிழவிக்கு மோர் கொடுப்பார். போட்டோக்காரன் சரியாக எடுக்கவில்லை என்றால் அதே கிழவிக்கு மறுபடியும் கொடுப்பார். இரண்டாம் நாள் பானையில் வெறும் தண்ணீர். மூன்றாம் நாள் பானை மட்டும். அதற்கப்புறம் சங்கிலியில் கட்டிய பிளாஸ்டிக் டம்ளர் ஆடிக்கொண்டிருக்கும். போன வருடம் அவன் திறந்த பந்தலில் பானைக்குள் பல்லி குஞ்சு பொரித்திருந்தது.

"அக்கா, ஒரு படுதா குடேன்" என்று வந்து நின்றான் புகழ்வேந்தன்.

"இன்னாத்துக்கு?"

"பந்தலுக்குத்தான். நாளைக்கித் தலைவர் வந்து தொறக்கறாரு. கீத்துச் சந்துல வெயிலு பூந்து அவரு மூஞ்சில புள்ளி புள்ளியா வுழும். போட்டோல அம்மை போட்டாப்ல தெரியும்."

"அவுரு மூஞ்சில வெயிலு வுழுந்தா வுழட்டும். எம் மல்லாட்டை மூஞ்சில மழ வுழக் கூடாது."

"மழயா! எங்கக்கா மழ? எல்லாம் வடக்கத்தான். டி.வி.ல பாக்கல நீ?"

"பாத்தேன். நாலு நாளா சாயங்காலத்துல மேக்க கறுத்துக்குனு நிக்குது. அதையும் பாத்தேன். போயி உன் பேனர்ல ஒண்ண அவுத்துக் கட்டிக்க. போ."

"பேனர்ல தலைவர் படம் இருக்குதுக்கா. தலைவரத் தலைவரு தலைக்கு மேலயா கட்டுவாங்க?"

"அப்ப குட புடி" என்று சொல்லிவிட்டு அவள் வேலையைப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் விதையைப் பரப்பிவிட்டு, ரோஸ்லினைக் காவல் வைத்துவிட்டு, புதுச் சாக்கு வாங்கத் திருக்கனூருக்குப் போனாள். ரோஸ்லின் பக்கத்துத் தெரு. மல்லாட்டை ஆய வருகிறவள். அவளுக்கு வாயும் நிற்காது, கையும் நிற்காது. அமுதம் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்து திட்டு வாங்காத ஒரே மனுஷி.

சாக்குக் கடையில் அமுதம் ஒவ்வொரு சாக்காக வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தாள். கடைக்காரனுக்கு இரண்டு டீ ஆயிற்று. சாக்குக் கட்டோடு பஸ் ஏறியபோது உச்சி சாய்ந்துவிட்டது. காற்று சுத்தமாக நின்றிருந்தது. பஸ்ஸுக்குள் இட்லிப் பானைக்குள் உட்கார்ந்தது போல் இருந்தது.

பாதி வழியில் பஸ்ஸில் இருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் வீறிட்டன. கைக்குழந்தை ஒன்று பயந்து அழுதது. பக்கத்தில் இருந்தவர் போனைத் தூரமாகப் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார். விழுப்புரம் மாவட்டத்தில் சில இடங்களில் அடுத்த சில மணி நேரத்தில் இடி மின்னல், சூறைக்காற்று, பலத்த மழை.

"விழுப்புரத்துக்குத்தான்" என்று சொல்லிவிட்டு அவர் போனைப் பைக்குள் போட்டார். அமுதம் ஜன்னல் வழியே மேற்கே பார்த்தாள். வானம் மசி கொட்டியது போல் இருந்தது.

பரவாயில்லை, ரோஸ்லின் இருக்கிறாள், படுதா இருக்கிறது, எட்டி நடந்தால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தவள், பத்துக்கண்ணு கூட்ரோடு திரும்பும்போது தண்ணீர்ப் பந்தலைப் பார்த்தாள். பந்தலுக்கு மேலே நீலமாக ஒரு படுதா. அதன் மூலையில் நைலான் நூல் தையல். பஸ் நிற்பதற்கு முன்பே அவள் படியில் நின்றாள்.

காலை பத்து மணிக்கு வர வேண்டிய தலைவர் இன்னும் வரவில்லை. மோர் புளித்து நாறியது. வெட்டி வைத்த தர்பூசணிகளின் மேல் ஈ மொய்த்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் பத்துப் பேர் வியர்வையில் ஊறிக்கொண்டு, கட்சிக் கொடியால் விசிறிக்கொண்டிருந்தார்கள். தாகத்துக்கு வந்த ஒரு லாரி டிரைவரை, தலைவர் வந்து திறந்து வைத்த பிறகுதான் தண்ணீர் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தான் புகழ்வேந்தன்.

"யாரக் கேட்டுடா எடுத்த?"

அவன் திரும்பிப் பார்த்து அசடு வழிந்தான். "ரோஸ்லின் அக்காகிட்ட சொல்லிட்டுத்தான்கா எடுத்தேன்."

"இன்னா சொன்ன?"

"நீ குடுக்கச் சொன்னேன்னு."

"அவுரு. மழ வருது."

"எங்கக்கா வருது? மெசேஜப் பாரு." போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். "விழுப்புரம் மாவட்டம்னு தெளிவா போட்டுருக்குதா? நம்மளது பாண்டி. நமக்குன்னா தனியா அனுப்பியிருப்பாங்க. டவரு ஓடைக்கு அந்தாண்ட இருக்குது, அதனால நமக்கும் வந்துடிச்சி."

சுற்றி நின்ற வெள்ளைச் சட்டைகள் ஆமாம் என்று தலையாட்டின. ஒருவர், "பாண்டிக்கி வார்னிங்கே இல்லம்மா" என்று அதிகாரி மாதிரிச் சொன்னார்.

அமுதம் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லோரும் பட்டம் வாங்கியவர்கள்.

"ஓடைக்கு அந்தாண்ட நனையற பனமரம் விழுப்புரம். இந்தாண்ட நிக்கிற பனமரம் பாண்டி. மேகம் வந்து ஒவ்வொரு மரத்துக்கும் ஆதார் கார்டு கேக்குமா? அவுருடா கயித்த."

"அக்கா, அக்கா. தலைவர் வில்லியனூர் தாண்டிட்டாராம். பத்தே நிமிஷம். இப்ப அவுத்தா என் மானம் போயிடும்க்கா. இந்த வருஷம் துணைய எடுத்துட்டு அமைப்பாளர் ஆக்கறேன்னு சொல்லிக்கிறாரு."

"எனக்கு வெத போயிடும். மானம் உனக்கு எப்ப இருந்துது, இப்பப் போறதுக்கு?"

அவள் கத்தியைத் தேடவில்லை. கயிறும் அவளுடையதுதான், அறுக்க மனம் வராது. முடிச்சில் நகத்தைக் கொடுத்தாள். ஒரு மூலை அவிழ்ந்தது. இரண்டாவது மூலைக்குப் போகும்போது மேற்கிலிருந்து செம்புழுதி ஒரு சுவர் போல எழுந்து வந்தது. அது ஓடையில் நிற்கவில்லை. அவிழ்ந்த மூலைக்குள் காற்று புகுந்து படுதாவை உப்ப வைத்தது. பந்தல் ஒரு முறை எக்கி நின்றது. பிறகு படார் என்று படுதா நடுவில் கிழிந்தது. பாதி கழியில் தொங்கியது. மீதி, ரோட்டைத் தாண்டி வேலிமுள்ளில் போய் விழுந்து நாராகியது. பானை உருண்டது. தர்பூசணிகள் சாக்கடைக்குள் இறங்கின.

முதல் துளிகள் கல் போல விழுந்தன. வெள்ளைச் சட்டைகள் பத்தும் டீக்கடைக்குள் ஓடின.

அமுதம் கிழிந்ததைப் பார்த்தாள். அழ நேரமில்லை. சுற்றிலும் பார்த்தாள். பந்தலுக்குப் பக்கத்தில் சவுக்குக் கழிச் சட்டத்தோடு தலைவரின் பேனர் குப்புற விழுந்து கிடந்தது. பெரிய பேனர். களத்தை மூடிவிட்டு மிச்சமும் இருக்கும். சட்டத்தில் கட்டியிருந்த சணலைப் பல்லால் கடித்தே அறுத்தாள். அது அவளுடைய கயிறு இல்லை. பேனரைச் சுருட்டி ஒரு முனையைத் தோளில் போட்டு இழுத்தாள்.

"ஐயோ அக்கா, தலைவரு!" என்று மறுமுனையைப் பிடித்துக்கொண்டான் புகழ்வேந்தன்.

"வுடுடா."

"வுட மாட்டேன். தலைவரு வந்து பேனர் எங்கன்னு கேட்டா இன்னா சொல்லுவேன்?"

"வுடாத. வா."

அவள் இழுத்துக்கொண்டு நடந்தாள். அவன் விடவில்லை. விடாததால் அவனும் போனான். மண்சாலையில், கொட்டும் மழையில், அக்கா முன்னால் இழுக்க, தம்பி பின்னால் இழுக்க, நடுவில் தலைவர் நீளமாகப் போனார். வழியில் அவனுடைய ஒரு செருப்பு சேற்றோடு நின்றுவிட்டது. முழங்கால் வரை செம்மண். ஆனாலும் பிடியை விடவில்லை. வாழ்க்கையிலேயே அவன் ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான் என்று அமுதம் பிறகு சொன்னாள்.

களத்தில் ரோஸ்லின் வெயில் ஏறியதுமே விதையை எல்லாம் நடுவில் குவித்து, நிழலுக்கு அதன் மேல் மல்லாட்டைக் கொடியைக் கட்டுக் கட்டாகப் போட்டிருந்தாள். இப்போது மழைக்குத் தன் மேல்சட்டையையும் துண்டையும் விரித்து, அது போதாமல் தானே குப்புறப் படுத்திருந்தாள்.

"யக்கா, சீக்கிரம்! முதுகு வழியா தண்ணி எறங்குது!"

பேனரை விரித்தார்கள். காற்று மறுபடியும் தூக்கப் பார்த்தது. "அந்தாண்ட ஒக்காருடா!" என்று அமுதம் கத்தினாள். புகழ்வேந்தன் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தான். உட்காருவதை மட்டும் அவன் எப்போதும் நன்றாகச் செய்வான். மற்ற மூன்று ஓரத்துக்கும் கல் வைத்தார்கள். மழை அதன் மேல் அடித்துத் தெறித்தது.

ரோஸ்லின் முகத்தைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். சிரிப்பு வந்துவிட்டது. "யக்கா, தலைவரு மல்லாக்கப் படுத்துக்கினு மழைல குளிக்கிறாரு பாரேன்."

"குளிக்கட்டும். இந்த ஒரு நாளாவது ஊருக்கு ஒழைக்கட்டும்."

மழை ஓயும் சமயத்தில் புகழ்வேந்தனின் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் உட்கார்ந்த இடத்திலேயே விறைத்தான். "அண்ணே... சொல்லுங்கண்ணே... பேனருங்களா அண்ணே..." என்று குழறினான். தலைவர் வில்லியனூரைத் தாண்டவே இல்லை; மழைக்குக் கல்யாண மண்டபம் ஒன்றில் ஒதுங்கியிருந்தார். டீக்கடைக்குள் ஓடிய வெள்ளைச் சட்டைகளில் ஒருவன், அக்காவும் தம்பியும் பேனரை இழுத்துக்கொண்டு போனதைப் படம் பிடித்து, கேலிக்காகக் கட்சிக் குரூப்பில் போட்டிருந்தான். தலைவர் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

புகழ்வேந்தனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்வதை அமுதம் பார்த்தாள். முதுகு நிமிர்ந்தது. குரலில் வெண்ணெய் வழிந்தது.

"ஆமாங்கண்ணே... நாந்தாண்ணே... ஒரு ஏழை விவசாயி கண்ணு கலங்கி நிக்கும்போது நமக்கு பேனரு பெருசாண்ணே? தலைவரு படமே குடையா இருக்கட்டும்னு நாந்தாண்ணே அவுத்துக் குடுத்தேன்..."

ரோஸ்லின் வாயைப் பொத்திக்கொண்டாள். அமுதத்தின் கண்ணெதிரே, அவளைப் பற்றி, அவள் காதுபடவே பொய் சொல்கிறான், கூச்சம்கூட இல்லை. அவன் உட்கார்ந்த இடத்தில் மட்டும் பேனர் ஓரம் சுருண்டு தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்துக் காய்கள் கறுத்துப்போயின. மீதியைக் காப்பாற்றிவிட்டார்கள். அடுத்து வந்த நாட்களில் அமுதம் ஒவ்வொரு காயாக எடுத்துப் பார்த்துக் கழித்தாள். கொஞ்சம் எடுத்து ஈரத்துணியில் முடிந்து வைத்தாள். முளைத்தது, எப்போதும் போலவே சந்து விழாமல். ஆனால் இந்த வருடம் எல்லோருக்கும் கொடுக்கக் காணாது. சொல்லி வைத்த சிலரை அவள் வெறுங்கையோடு திருப்பி அனுப்பினாள். விதை இல்லை என்று அவள் இதுவரை யாரையும் அனுப்பியதில்லை. காரணம் கேட்டவர்களிடம், "கூட்ரோட்டுல எழுதி வச்சிருக்குது, போயிப் பாரு" என்றாள்.

கூட்ரோட்டில் புது பேனர் நின்றது. உழவர் துயர் துடைத்த எங்கள் அமைப்பாளர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. துணை போய்விட்டது. மழையில் நனைந்தபடி பேனரைத் தூக்கிச் செல்லும் புகழ்வேந்தன், பழைய சிரித்த முகத்தை ஒட்டவைத்துப் பெரிதாக இருந்தான். முன்னால் குனிந்த ஒரு முதுகு தெரிந்தது. அதன் கீழே சிறிய எழுத்தில்: ஏழை விவசாயி.

சாயங்காலம் அவன் வந்தான். இரண்டு செருப்பும் புதிது.

"அக்கா, தலைவரு கையால வெத வழங்குற விழா ஒண்ணு வச்சிக்கலாமா? உன் வெதய..."

"கிழிஞ்ச படுதாவுக்கு இன்னா வழி?"

"வாங்கித் தர்றேன்கா. அடுத்த மாசம்."

"அந்த பேனர எப்ப எறக்குவ?"

"ஒரு வாரம் கழிச்சி. ஏன்கா?"

"எறக்கின அன்னிக்கே இங்க கொண்டாந்து போடு. மடிக்காத, சுருட்டி எடுத்துக்குனு வா. மடிச்சா வெடிச்சிடும். அதான் இனிமே எனக்குப் படுதா."

அவன் கொஞ்சம் தயங்கினான். "அதுல ஏழைன்னு போட்டது நான் இல்லக்கா. டிசைன் பண்றவன்..."

"போ. சாப்பாட்டு நேரமாச்சி உனக்கு."

பேனர் வந்தது. ஒரு காலையில் அமுதம் அதைக் களத்தில் விரித்து, எழுத்துப் பக்கம் அடியில் போகட்டும், வெள்ளைப் பக்கம் மேலே இருக்கட்டும் என்று முடிவு செய்து, கயிறு கோக்க ஓரத்தை மடித்துக் கண் வைத்துத் தைத்தாள். முழத்துக்கு ஒன்றாக, அச்சு மாறாமல் நான்கு பக்கமும் வைத்தாள். ஒரே ஒரு கண் மட்டும் அளவுக்கு வெளியே, ஓரத்திலிருந்து தள்ளி உள்ளே விழுந்திருந்தது.

"யக்கா, இது தப்பி விழுந்துடிச்சே" என்றாள் ரோஸ்லின்.

"தப்பல" என்றாள் அமுதம். ரோஸ்லின் குனிந்து புரட்டிப் பார்த்தாள். ஏழை என்ற எழுத்துக்கு நடுவில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அதைச் சுற்றி நைலான் நூலால் நெருக்கமாகத் தையல் போட்டிருந்தது.